ஷைனி கண் அசந்தால் பஜார் அடைக்கும்

லாசர் பஜாரில் கடை அடைப்பது கடிகாரத்தைப் பார்த்து அல்ல, பேக்கரியில் முந்திரி மக்ரூன் பிழியும் சகாய ஷைனியின் கண்ணிமையைப் பார்த்துத்தான் என்பது இன்று அந்த உப்பளத்து ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் முதன்முதலாக அது நடந்த அன்று, வெயில் இன்னும் தெருவை விட்டு இறங்காத நேரத்தில், ஷைனியின் இடது இமை அவளைக் கேட்காமலே சரிந்துவிழ, அதே மூச்சில் பெயிண்ட் கடை, பாத்திரக்கடை, மெத்தைக்கடை, ஹலீமா லாத்தாவின் வளையல் கடை என்று தெருவின் இடப்பக்கத்து ஷட்டர்கள் எல்லாம் கடகடவென்று தாமாக இறங்கிக்கொண்டபோது, எல்லாரும் ஸ்பிரிங்கைத்தான் திட்டினார்கள்.

உப்புக்காற்று, துரு, என்றார்கள். வெல்டிங் பட்டறையிலிருந்து ஆள் வந்து கிரீஸ் தடவிவிட்டுப் போனார். மறுநாள் அவள் வலது இமை சரிந்தது. வலப்பக்கத்துக் கடைகள் மூடின. அதற்கு மறுநாள் இரண்டும் சரிந்து தெரு முழுக்க மூடிற்று. கம்பி போட்டு நெம்பினார்கள், நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள், ஷட்டர் அசையவில்லை. ஷைனி பேக்கரியின் பின்கட்டில் மாவு மூட்டைமேல் தலை சாய்த்து ஒரு தூக்கம் போட்டு எழுந்து கண் திறந்ததும், ஒருவரும் தொடாமலே எல்லாம் மேலே ஏறின. வளையல் கடைக்குள் அகப்பட்டுக்கொண்ட ஒரு பெண்ணும் ஹலீமா லாத்தாவும் வெளியே வரும்போது ஒரு சம்பந்தமே பேசி முடித்திருந்தார்கள்.

காரணத்தைக் கண்டுபிடித்ததும் லாத்தாதான். அவள் கடை பேக்கரிக்கு நேர் எதிரே. வளையல் அடுக்கும்போதெல்லாம் ஷைனியின் முகம்தான் அவள் கண்ணில் படும்.

"புள்ளைக்குக் கண்ணு சாயுது, நமக்குக் கடை சாயுது" என்றாள் லாத்தா, மழை வருது துணியை எடுங்க என்று சொல்கிற அதே குரலில்.

யாரும் மறுக்கவில்லை. பெயிண்ட் கடைக்காரர் மட்டும் சந்தேகம் கேட்டார்: "அப்ப ராத்திரி?"

"ராத்திரி அவ தூங்குறா. நீரும் தூங்குதீரு. கடை தூங்கினா என்ன?"

ஷைனிக்கு வந்திருப்பது இன்னதென்று பெரிய ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். மயஸ்தீனியா கிராவிஸ். நரம்பு சொல்லும், தசை கேட்கும். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் ஒரு கட்டத்துக்குமேல் காதில் வாங்காது. கொஞ்ச நேரம் சும்மா விட்டால் மறுபடியும் கேட்கும். காலையில் எழும்போது அவள் எல்லாரையும்போல இருப்பாள். பொழுது ஏற ஏற இமை சரியும், கை தளரும், கழுத்து தலையைச் சுமக்க மறுக்கும். கான்வென்டில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கிய கை அது. அந்தக் கை காலையில் பிழிந்த மக்ரூன்கள் கூர்நுனியோடு தட்டில் நிமிர்ந்து நிற்கும், மதியத்து மக்ரூன்களுக்குத் தோள் இறங்கியிருக்கும், சாயங்காலத்து மக்ரூன்களோ பூசையில் தூங்கி விழுகிற பாட்டுக்குழு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். பேக்கரி முதலாளி பொன்னுலிங்க அண்ணாச்சி அவற்றைத் தனி ஜாடியில் போட்டு "சாஞ்ச மக்ரூன்" என்று விற்றார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதைத்தான் கேட்டு வாங்கின. நடுவில் கொஞ்சம் இழுவையாக இருக்கும் என்று.

இப்படி அந்த ஊர் அவளோடு பழகிக்கொண்டது. மதியம் அவள் படுக்கும் நேரத்தில் கடைக்காரர்களும் உள்ளேயே பாய் விரித்தார்கள், வாடிக்கையாளர்களும் மாட்டிக்கொண்ட இடத்திலேயே படுத்தார்கள், ஊரில் சண்டை குறைந்தது, மெத்தைக்கடையில் மாட்டிக்கொண்டவர்கள் மட்டும் எழுந்துபோக மறுத்தார்கள். அவசர வியாபாரம் இருந்தால் ஜூஸ் கடையிலிருந்து ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி ஷைனியின் இமைமேல் வைப்பார்கள். குளிர்ச்சி பட்டதும் இமை கொஞ்ச நேரம் தூக்கும், அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் கல்யாணப் பட்டுப்புடவையை எடுத்துக்கொண்டு ஓடிவிட வேண்டும். பெரியம்மா வீட்டு ஞானஸ்நானத்துக்கு அவள் அடுத்த ஊர் போனபோது அந்த ஊர் ரேஷன் கடை ஷட்டர் இறங்கிற்று. லாசர் பஜார் அன்று முழுக்கத் திறந்தே கிடந்து, வீட்டில் ஆள் இல்லாத மாதிரி இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் எங்கே இருக்கிறாளோ, அங்கத்து ஷட்டர்.

பெரிய சண்டை ஒயின்ஷாப்பால்தான் வந்தது. அதற்கும் ஷட்டர் உண்டே. சாயங்காலமானால் குடிக்கிறவர்களின் பெண்டாட்டிமார் வரிசையாக வந்து, "ஏ ஷைனி, இந்தப் பாசிப்பயறைக் கொஞ்சம் பொறுக்கித் தாயேன்", "இந்த ஊசியில நூல் கோத்துத் தாட்டி" என்று அவள் கண்ணுக்கு வேலை கொடுப்பார்கள். குடிக்கிறவர்கள் பின்வாசல் வழியாக இளநீரோடு வந்து, "தங்கச்சி, நீ ஏன் கஷ்டப்படுத, பொடுக்குனு கொஞ்ச நேரம் படுத்து எந்திரி" என்று விசிறிக்கொண்டு நிற்பார்கள். இரண்டு கட்சிக்கும் நடுவில் மாவுக் கையோடு உட்கார்ந்து ஷைனி சிரிப்பாள். சிரித்தாலும் முகம் சீக்கிரம் களைத்துப்போய், சிரிப்பு பாதியில் உறுமல் மாதிரி நின்றுவிடும். அதைப் பார்த்து அவர்கள் சிரிப்பார்கள்.

ஆனால் அவளுக்குள் ஒரு பயம் இருந்தது. அதை அவள் யாரிடமும் பங்கு வைக்கவில்லை. அவள் மகள் அன்லினுக்கு இப்போதுதான் பல் முளைத்துக்கொண்டிருந்தது. புருஷன் விஜில் உப்பு லாரி ஓட்டிக்கொண்டு மலையாளக் கரைக்கும் இங்குமாக அலைகிறவன், பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். பொழுது சாய்ந்தபின் ஷைனி பிள்ளையை இடுப்பில் வைப்பதே கிடையாது. தரையில் பாய் விரித்து, பக்கத்தில் படுத்துத்தான் பால் கொடுப்பாள். கை எந்த நேரம் கேட்காமல் போகும் என்று அந்தக் கைக்கே தெரியாது.

மாத்திரை வேளைக்கு ஒன்று போட வேண்டும். வாங்கிக் கட்டுப்படியாகாமல் அவள் பாதி பாதியாக உடைத்துப் போட ஆரம்பித்தாள். இதையும் அவள் சொல்லவில்லை, ஷட்டர் காட்டிக்கொடுத்தது. பட்டப்பகலில் பஜார் முழுக்கப் பாதி இறங்கி நின்றது. ஜனங்கள் குனிந்து குனிந்து கடைக்குள் போனார்கள், உயரமானவர்கள் வாசலில் முட்டிக்கொண்டார்கள். ஒரு நாள் கஞ்சி குடிக்கும்போது தொண்டை விழுங்க மறந்து கஞ்சி மூக்கு வழியே வந்தது. மூச்சு திரும்ப வருவதற்குள் பொன்னுலிங்க அண்ணாச்சி அவள் முதுகைத் தட்டித் தட்டித் தானே அழுதுவிட்டார்.

"மாத்திரையை உடைக்கியா நீ?"

ஷைனி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஊனமுற்றோர் அட்டைக்கு எழுதிப்போடு. நாப்பது சதவீதம்னு டாக்டர் எழுதிட்டா மாசாமாசம் உதவித்தொகை வரும். மாத்திரைக்கு ஆச்சு."

"எனக்குக் கை கால் எல்லாம் இருக்கே அண்ணாச்சி."

"இருந்தா? ஷட்டரும்தான் இருக்கு."

மாவட்டத் தலைநகரின் ஆஸ்பத்திரியில் சோதனைக்கு நாள் கொடுத்தார்கள். அந்தச் செய்தி வந்ததும் பஜாரே அதைத் தன் வீட்டு விசேஷமாக எடுத்துக்கொண்டது. பாவம் புள்ளை, போகிற வழியிலேயே களைத்துப்போய்விட்டால் டாக்டர் கேட்கிற கேள்விக்கு எப்படிப் பதில் சொல்லும்? ஆகவே முந்தின நாள் முழுக்க அவளை ஒரு துரும்பு எடுக்க விடவில்லை. விஜில் லீவு போட்டு வந்து அவளை வீட்டிலிருந்து தூக்கிவந்தான். மெத்தைக்கடைக்காரர் பிளாஸ்டிக் உறை பிரிக்காத புது மெத்தையை வேனில் போட்டார். பெயிண்ட் கடைக்காரர் ஐஸ்பெட்டி கொண்டுவந்தார். பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, வழியில் எதையும் உற்றுப் பார்க்கக்கூடாது என்று லாத்தா அவள் கண்ணை ஈரத்துணியால் கட்டிவிட்டாள். விடுவிடுவென்று போய்ச் சேர்ந்து, காலையில் முதல் ஆளாக அவளை நாற்காலியோடு உள்ளே தூக்கிவைத்தபோது, அன்லின் பிறந்ததற்கு அப்புறம் அவள் அவ்வளவு தெம்பாக இருந்ததே இல்லை.

தலைமை டாக்டர் மங்கையர்க்கரசி கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "கையை நீட்டுங்க." ஷைனி நீட்டினாள், கான்வென்டில் உடற்பயிற்சிக்கு நீட்டின மாதிரி நீட்டி அப்படியே வைத்திருந்தாள். "மேல பாருங்க." பார்த்தாள், மின்விசிறியில் படிந்த தூசியெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. "ஒண்ணுல இருந்து எண்ணுங்க." வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி கணீரென்று எண்ணினாள். எண்ணிக்கொண்டிருக்கும்போதே, இப்படி இருந்தால் நாற்பது கிடைக்காது என்று புரிந்தது. தளரு, தளரு என்று தன் கையிடம் அவள் கெஞ்சினாள். அது கேட்கவில்லை.

"என்னம்மா, என்னைவிட நல்லா இருக்கீங்களே" என்றார் டாக்டர், நிஜமான சந்தோஷத்தோடு. பத்துச் சதவீதம் எழுதினார்.

பஜாரில் வெடியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். சேதி கேட்டதும் மெத்தைக்கடைக்காரர்தான் முதலில் கொதித்தார். "பத்தா? நாம பாத்துக்கிட்டதுக்கு நூறுல்லா போட்டிருக்கணும்?"

லாத்தா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அட அறிவு கெட்டவங்களா! என்னையும் சேத்துத்தான் சொல்றேன். அந்தம்மா பாத்தது ஷைனியையா? நாம ஊட்டி வளத்த ஒரு புள்ளையைல்லா பாத்தாங்க!"

வெடியைத் திரும்ப உள்ளே எடுத்துவைத்தார்கள். ஷட்டர்கள் மெதுவாக, ஓசை எழுப்பாமல், பாதி இறங்கின.

மறு சோதனைக்கு மனுப்போட்டு நாளும் வந்தது. இந்தத் தடவை அவளைக் களைக்க வைத்துத்தான் அனுப்புவது என்று வியாபாரிகள் கூடிப் பேசி முடிவெடுத்து, ஆளுக்கொரு வேலை பிரித்துக்கொண்டு ஒத்திகையும் பார்த்தார்கள். ஒத்திகை சிரிப்பாய்ச் சிரித்தது. பெயிண்ட் கடைக்காரர் ஒரு டப்பாவை அவள் கையில் கொடுத்தார், அவள் நாலடி நடப்பதற்குள் "போதும்மா வையி, வையி" என்று பிடுங்கிக்கொண்டார். பாத்திரக்கடை அண்ணாச்சி, கடித்தால் தாடை களைக்கும் என்று கெட்டி முறுக்கு கொடுத்துவிட்டு, அதைத் தானே நொறுக்கித் தூளாக்கி ஊட்டினார். பாட்டுப் பாடச் சொன்ன பெண்கள், அவள் குரல் மூக்கில் இறங்கத் தொடங்கியதும், தாங்களே பாடி முடித்தார்கள். அந்தத் தெருவில் ஒருத்தருக்கும் அவளை வருத்தத் தெரியவில்லை.

கடைசியில் ஷைனிதான் சொன்னாள். "யாரும் எனக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம், எனக்கு எதிராவும் செய்ய வேண்டாம். அன்னைக்கும் நான் தினமும் இருக்கிற மாதிரி இருந்துட்டு, பஸ்ஸுல போறேன்."

"தனியாவா?" என்றார் பொன்னுலிங்க அண்ணாச்சி.

"நான் கூடப் போறேன்" என்றாள் லாத்தா. "அன்லினை மட்டும் நான் வச்சுக்கிறேன். கையில புள்ளை இருந்தாத்தான் என் கை சும்மா கிடக்கும். இல்லேன்னா இவளுக்கு ஏதாவது செஞ்சு தொலைச்சிருவேன்."

அன்றைக்கு ஷைனி எப்போதும்போல எழுந்தாள், தண்ணீர் பிடித்தாள், துணி அலசினாள், அன்லினைக் குளிப்பாட்டினாள், எப்போதும்போல அரை மாத்திரை போட்டுக்கொண்டாள், காலைத் தட்டுகளுக்கு மக்ரூன் பிழிந்துவிட்டு, பஸ் ஏறி, கம்பியைப் பிடித்து நின்றாள். கண்டக்டர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒருவரை எழுப்பி இடம் கொடுக்கச் சொன்னார்.

"அவளுக்கு சீட்டு வேண்டாம்ப்பா!" என்று லாத்தா துப்பட்டிக்குள்ளிருந்து கத்தினாள்.

"ஏம்மா, அந்தப் பொண்ணு துவண்டு போய் நிக்குது, நீ மாமியாரா பிசாசா?"

"என்ன வேணா சொல்லிக்கோ. அவ நிக்கணும்." சொல்லிவிட்டு லாத்தா அன்லினின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வரும்வரை நிமிரவே இல்லை.

ஆஸ்பத்திரியில் கட்டடம் பழுது பார்த்துக்கொண்டிருந்ததால், டாக்டர்கள் பழைய ஆம்புலன்ஸ் கொட்டகைக்கு மேசையை மாற்றியிருந்தார்கள். வாசல் முழுக்க நீளமான ஒரே ஷட்டர். வெளியே வரிசை வெயிலில் வளைந்து நின்றது. ஷைனியின் முறை வந்தபோது மதியம் திரும்பிவிட்டிருந்தது.

"நீங்களா?" என்றார் மங்கையர்க்கரசி. "போன தடவை ஜோரா இருந்தீங்களே?"

"நல்லாக் கவனிச்சு அனுப்புனாங்க டாக்டர்" என்றாள் ஷைனி. சொல்லின் வால் மூக்கில் போய் மாட்டிக்கொண்டது.

"மேல பாருங்க."

பார்த்தாள். கூரைத் தகரத்தில் ஓர் ஓட்டை, அதன் வழியே ஒரு பொட்டு வானம். அந்தப் பொட்டைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் பார்த்தாள். பொட்டு இரண்டானது. இடது இமை சரிந்தது, வலது இமை சரிந்தது, கழுத்து மடங்கிற்று. கொட்டகை ஷட்டர் கடகடவென்று இறங்கி, அரை மாத்திரை போட்ட தினம் ஆகையால் முழுசாக மூடாமல் தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது. தூரத்தில் மருந்தகம் மூடுகிற சத்தமும் கேண்டீன் மூடுகிற சத்தமும் அடுத்தடுத்துக் கேட்டன.

"கரண்ட் போயிருச்சா?" என்றார் பக்கத்திலிருந்த எலும்பு டாக்டர். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. குமாஸ்தாவும் அவருமாகச் சேர்ந்து ஷட்டரைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"அதைத் தூக்கக்கூடாது சார்" என்றாள் லாத்தா. "அவளைத் தூங்க விடணும். வேற வழியே கிடையாது. எங்க ஊர்ல எல்லாம் பாத்தாச்சு."

ஷைனி மேசைமேல் தலையை வைத்திருந்தாள். எல்லாச் சத்தமும் தண்ணீருக்கடியில் கேட்கிற மாதிரிக் கேட்டது. வாயை மூட முடியவில்லை. டாக்டர் மங்கையர்க்கரசி செல்போன் வெளிச்சத்தைக் கையால் மறைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டதும், அவள் கையைத் தூக்கிப் பார்த்ததும், அது பொத்தென்று விழாமல் பிடித்து மெதுவாக வைத்ததும், நெஞ்சு ஏறி இறங்குவதைக் கவனித்ததும், "மூச்சு பரவாயில்லை, பேசாதீங்க யாரும்" என்று கிசுகிசுத்ததும் அவளுக்குத் தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

வெளியே வரிசையில் இருந்தவர்கள் கொஞ்ச நேரம் கூச்சல் போட்டார்கள். அப்புறம் அவர்களும் பழகிக்கொண்டார்கள். டீக்காரர் ஒரு சாண் இடைவெளி வழியாக கிளாஸ்களை உள்ளே தள்ளினார். ஒரு பெரியவர் தரையில் படுத்து, "டாக்டரய்யா, என் காலை மட்டுமாவது பாத்துருங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று முட்டிவரை காலை உள்ளே நீட்டினார். எலும்பு டாக்டர் வேறு வேலை இல்லாததால் குந்தி உட்கார்ந்து பார்த்தார். அதைப் பார்த்து இன்னொரு கால் வந்தது, ஒரு கை வந்தது. அன்லின் ஒவ்வொரு கையாகப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே தவழ்ந்தாள்.

ஷைனி கண் திறந்ததும் ஷட்டர் ஏறிற்று. வெளிச்சம் வந்து எல்லார் முகத்திலும் விழுந்தது. லாத்தா வாயில் துணியை வைத்து அழுதுகொண்டிருந்தாள்.

"தினமும் இப்படித்தானா?" என்றார் மங்கையர்க்கரசி.

"தினமும் இதுக்குமேல இன்னொரு தட்டு பிழியணும் டாக்டர்."

எலும்பு டாக்டர் பேனாவைத் தட்டினார். "மேடம், இந்த ஷட்டரை எந்தக் கட்டத்துல எழுதறது?"

"ஷட்டரை எழுதாதீங்க. கண்ணை எழுதுங்க. கழுத்து, கை, தாடை. அறுபது." அவர் கொஞ்சம் நிறுத்தி ஷைனியைப் பார்த்தார். "நிரந்தரம்னு போடணும்மா. தெரியும்ல?"

நிரந்தரம். இத்தனை நாளும் யார் வாயிலிருந்தும் வந்துவிடக்கூடாதே என்று ராத்திரியெல்லாம் ஜெபமாலை உருட்டிக்கொண்டு அவள் பயந்தது அந்த ஒரு சொல்லுக்குத்தான். அது இப்போது சீல் குத்தின தாளாக அவள் கைக்கு வந்தது. ஈரம் காயட்டும் என்று அவள் ஊதினாள். பெஞ்சில் உட்கார்ந்து அழ வேண்டும் என்று இருந்தது, சிரிப்பும் வந்தது. எது முதலில் வருகிறது பார்ப்போம் என்று இருந்தவளுக்கு இரண்டும் சேர்ந்தே வந்தன.

திரும்பும் பஸ்ஸில் லாத்தா யாரையோ திட்டி ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தாள். விஜில் எங்கோ செக்போஸ்டிலிருந்து போனில் கேட்டான்: "எவ்வளவு?"

"அறுபது."

"ஃபர்ஸ்ட் கிளாஸா!" என்று அவன் கத்தினது பஸ்ஸுக்கே கேட்டது. கான்வென்டில் தொண்ணூறுக்குக் குறைந்தால் முட்டி போட்டவள் ஷைனி. ஊர் எல்லையிலேயே வெடிச்சத்தம் தொடங்கிவிட்டது. ஒருத்திக்கு நோய் தீராது என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்ததற்கு ஓர் ஊரே சரவெடி போட்டது அன்றைக்குத்தான். சாஞ்ச மக்ரூனைத் தெருவில் நின்று வாரி வாரிக் கொடுத்தார் பொன்னுலிங்க அண்ணாச்சி.

இனிமேல் மிச்சம் பிடிக்க வேண்டாம் என்று அன்று சாயங்காலம் ஷைனி ஒரு முழு மாத்திரையைப் போட்டுக்கொண்டு பேக்கரிப் பின்கட்டில் நன்றாகப் படுத்து எழுந்தாள். எழுந்தவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு அன்லினைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கை சுவரில் இருக்க, பேக்கரி வாசலுக்கு வந்தாள். பொழுது சாய்ந்திருந்தது. தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. அம்மா இடுப்பிலிருந்து விளக்கைப் பார்த்தறியாத பிள்ளை ஒவ்வொன்றுக்கும் விரல் நீட்டிக் கூவிற்று. ஷைனியும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

பஜார் ஷட்டர்கள் அசையவில்லை. நேரமாகிக்கொண்டே போயிற்று. சீக்கிரம் வீட்டுக்குப் போய்ப் பழகிவிட்ட கடைக்காரர்களுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. கையால் இழுத்துப் பார்த்தார்கள், கையால் இறங்குவதை ஷட்டர்கள் எப்போதோ விட்டுவிட்டிருந்தன. பெயிண்ட் கடைக்காரர் டப்பாமேல் உட்கார்ந்து தூங்கி விழுந்தார். ஒயின்ஷாப் பக்கம் மட்டும் கைதட்டல் கேட்டது. கடைசியில் எல்லாரும் சேர்ந்து பொன்னுலிங்க அண்ணாச்சியை முன்னால் தள்ளிக்கொண்டு பேக்கரி வாசலுக்கு வந்தார்கள்.

"எம்மா ஷைனி" என்றார் அவர், கொட்டாவியை உள்ளங்கையில் அமுக்கி. "வீட்டுல சோறு ஆறுது. லேசாக் கண்ணை மூடேன்மா, நாங்க போயிருதோம்."

ஷைனி பிள்ளையை இடுப்பில் ஒரு தூக்குத் தூக்கி வைத்துக்கொண்டாள். கை கேட்டது.

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி" என்றாள். "இன்னும் அந்தப் பக்கத்து விளக்கெல்லாம் நாங்க பாக்கல."